கொழும்பின்ர முதல் ரெயில் ஸ்ரேசனும் கடுகண்ணாவை மியூசியமும், பெரியப்பாவோட போய்ப் பாத்தது

முதலே சொல்லிப்போடுறன், இது ரெண்டு இடத்தப் பற்றின ரிவியூ. ஒண்டு கொழும்பில இருக்கிற பழைய டெர்மினஸ் ஸ்ரேசன் கட்டடம், மற்றது அந்தக் கட்டடத்துக்குள்ள இருந்த ரெயில்வே மியூசியம் இடம்மாறிப் போயிருக்கிற, கண்டிப் பக்கத்துக் கடுகண்ணாவை. சேத்துத்தான் எழுதோணும், ஏனெண்டால் ஒண்டு பெட்டகம், மற்றது பெட்டகத்துக்க இருந்த சாமான். ரெண்டையும் நான் ஒரே ஆளோடதான் போய்ப் பாத்தனான், என்ர பெரியப்பாவோட. அவர் ரெயில்வேயில 30 வருசத்துக்கு மேல வேலை செய்தவர், அதில அனேகம் வடக்குப் பாதையில ஸ்ரேசன் மாஸ்ரர். இப்ப வயசு 84, வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட்ஸிலயே கீழ் மாடியில இருக்கிறார், கையில பொல்லு, கண்ணும் கொஞ்சம் மட்டு, ஆனா காது மட்டும் அந்தமாதிரி. கரையோரப் பாதையில ரெயின் போற சத்தத்த வைச்சே இது பிந்தி வருது, இது சரியான நேரத்துக்கு வருது எண்டு கட்டிலில படுத்திருந்து சொல்லுவார்.

முதல் டெர்மினஸ். கோட்டைக்கும் மருதானைக்கும் நடுவில, டெக்னிக்கல் சந்திப் பக்கம், ரெயில்வேயின்ர வளவுக்க இருக்கு. கொழும்பில பிறந்து வளந்த எங்கட ஆக்களில கனபேர் அதைக் கடந்து ஆயிரம் தரம் போயிருப்பினம், கோட்டையில ஏறி மருதானை வாறதுக்குள்ள ஜன்னலால ஒருக்கா தலைய நீட்டினால் காணும், ஆனா அதுதான் கொழும்பின்ர முதலாவது ஸ்ரேசன் எண்டு தெரிஞ்சவை குறைவு, எனக்கும் 2012 மட்டும் தெரியாது. நாங்கள் எல்லாரும் கோட்டை ஸ்ரேசனத்தான் பழைய ஸ்ரேசன் எண்டு நினைக்கிறனாங்கள், இப்ப இருக்கிற கோட்டை ஸ்ரேசன் 1917இலதான் வந்தது, டெர்மினஸ் அதுக்கு அரை நூற்றாண்டு மூத்தது.

கதை தொடங்குறது கோப்பியில. 1850கள்ல மலைநாட்டில விளைஞ்ச கோப்பிய மாட்டு வண்டியில ஏத்திக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுவரக் கிழமைக்கணக்கில போகும், மழை வந்தால் அதுவும் இல்லை, தோட்டத்துரைமார் கத்தினதில 1858இல கவர்னர் ஹென்றி வோர்ட் முதல் மண்ண வெட்டித் தொடக்கிவைச்சார். 1864 டிசம்பர் 27ஆம் திகதி முதல் ரெயின் கொழும்பில இருந்து அம்பேபுஸ்ஸ மட்டும் ஓடினது, அது 54 கிலோமீட்டர். சனத்துக்கும் சாமானுக்குமெண்டு ஒழுங்கான சேவை துவங்கினது 1865 ஒக்டோபர் 2. ரெண்டு வருசத்தில, 1867இல, கண்டிக்குப் போயிட்டுது. அந்த மலைப்பாதைய வெட்டினதில இந்தியாவில இருந்து வந்த எங்கட தமிழ்ச் சனத்தின்ர உழைப்பு எவ்வளவு எண்டு அந்தக் காலத்துத் துரைமாரின்ர பேரைப் போட்ட கல்லுகளில தேடிக் கண்டுபிடிக்கேலாது, அதால நான் இதில எழுதிவிடுறன். பகிடியெண்டால் (பகிடியில்லை, துக்கம்தான்) பாதை கண்டிக்குப் போய் ரெண்டு வருசத்திலயே, 1869இல, கோப்பி இலையில நோய் விழுந்து கொஞ்ச வருசத்தில கோப்பித் தோட்டம் எல்லாம் அழிஞ்சு போச்சு. கோப்பிக்காகப் போட்ட தண்டவாளத்தில பேந்து போனது தேயிலை. நாவலப்பிட்டி 1874, நானுஓயா 1885, பதுளை 1924 எண்டு பாதையும் தேயிலைக்குப் பின்னால ஏறிக்கொண்டே போனது.

அந்த முழுப் பாதைக்கும் வாசல் இந்த டெர்மினஸ்தான். பேரிலயே இருக்குது, டெர்மினஸ், பாதை முடியிற இடம். பேந்து கரையோரப் பாதை தெற்கால ஓடி மாத்தறைக்கு 1895இல போய், வடக்குப் பாதை 1905இல காங்கேசன்துறைக்குப் போய், ரெயில் கூடிச்சுது, இந்தக் கட்டடத்தில இடம் போதாமல் போச்சு. 1906இல மூடிப்போட்டு மருதானைக்கு வேலைய மாத்திச்சினம். யோசிச்சுப் பாருங்கோ, 1906! எங்கட அம்மம்மாவின்ர அம்மா குழந்தையா இருந்த காலம். அதுக்குப் பிறகு நூறு வருசத்துக்கு மேல அது ஒரு ஸ்ரேசனா இருக்கேல்லை, ஆனா இடிக்கவும் இல்லை. 2009இலதான் அதுக்குள்ள ரெயில்வே மியூசியம் வைச்சவை.

2012இல பெரியப்பா ஓய்வெடுத்துக் கனகாலம், என்ர மகன் அப்ப பிறக்கவும் இல்லை. ஒரு நாள் என்னக் கூப்பிட்டு “பிள்ளை, மருதானையில எங்கட சாமான் எல்லாம் காட்சிக்கு வைச்சிருக்கினமாம், கூட்டிக்கொண்டு போறியோ” எண்டு கேட்டார். எங்கட சாமான். அந்தச் சொல்லுத்தான் எனக்கு இண்டைக்கும் காதில நிக்குது. உள்ளுக்க போனவுடன அவர் சாமானப் பாக்கேல்லை, மேல கூரையப் பாத்தார், பேந்து சுவரில கையை வைச்சுப் பாத்தார், பேந்து நிலத்தப் பாத்தார். “இந்தப் பக்கம்தான் பிளட்போர்ம் இருந்திருக்கும், இந்தப் பக்கம் வண்டில் வந்து நிண்டிருக்கும்” எண்டு கையால காட்டினார். ஒரு போர்ட்டும் வாசிக்காமல். ஸ்ரேசன் எண்டால் ஒரு பக்கம் தண்டவாளத்தப் பாக்கோணும் மற்றப் பக்கம் றோட்டப் பாக்கோணும், நடுவில ரிக்கற், அவ்வளவுதான் அதின்ர இலக்கணம், நூற்றைம்பது வருசம் போனாலும் மாறாது எண்டார். நான் அண்டைக்குத்தான் ஒரு கட்டடத்த எப்பிடிப் பாக்கிறது எண்டு படிச்சனான் எண்டு சொன்னால் மிகையில்லை.

இதுக்குள்ள ஒரு விசயம் சொல்லோணும். கொழும்பில இப்ப பழைய கட்டடங்கள திருத்திப் புது வேலைக்கு எடுக்கிறது கூடிப்போச்சு, எனக்கு அது நல்ல விருப்பம். கோட்டையில ஒல்லாந்தர் காலத்து டச் ஹொஸ்பிட்டல் 2011இல கடையும் சாப்பாட்டுக்கடையுமா வந்தது, சுதந்திர சதுக்கத்துப் பக்கம் ஒரு காலத்தில மனநோயாளர் வைத்தியசாலையா இருந்த கட்டடம் 2014இல ஆர்கேட் ஆச்சு, ரெண்டிலயும் பின்னேரம் காத்து வாங்க நல்லாயிருக்கும். ஆனா போன வருசம் ஒரு கோப்பிக் கடைக்குப் போனம், பேர் வேண்டாம், ரெயில்வே தீம் எண்டு சொல்லிச்சினம். சுவரில ஒரு கைகாட்டி (ரெயின் சிக்னல்), ஒரு மணிக்கூடு, ஒரு பெட்டியின்ர கதவு, எல்லாம் புதுசாச் செய்து பழசு மாதிரி நிறம் அடிச்சது. கைகாட்டிய எந்த ரெயினுக்கும் எந்த அர்த்தமும் இல்லாத மாதிரி கொளுவி வைச்சிருந்தினம். பெரியப்பா அதையே பாத்துக்கொண்டிருந்திட்டு “இந்தக் கைகாட்டிய நம்பி ஒருத்தன் ரெயின விட்டிருந்தால்?” எண்டார். கோப்பியும் முழுக்கக் குடிக்கேல்லை. அவருக்கு அது அலங்காரம் இல்லை, அது ஒரு கட்டளை, அதுக்குக் கீழ்ப்படிஞ்சு தான் வாழ்ந்தவர்.

அதால கடுகண்ணாவைக்குப் போறதுக்கு எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. 2014 டிசம்பர் 27, முதல் ரெயின் ஓடி சரியா 150 வருசம் முடிஞ்ச அண்டைக்கு, மருதானையில இருந்த மியூசியம் கடுகண்ணாவையில தேசிய ரெயில்வே மியூசியமாத் திறந்தது. மருதானையில பாத்த சாமானுகள் அங்க என்ன மாதிரி இருக்குதோ எண்டு அவருக்கு யோசினை, அவருக்குப் பிடிக்காமப் போனால் என்ன செய்யிறது எண்டு எனக்கு யோசினை. போன பள்ளிக்கூட லீவில, மகனுக்கு 9 வயசு, சரி எண்டு மூண்டு தலைமுறையும் வெளிக்கிட்டம்.

ரெயினிலதான் போங்கோ. காரில போனால் பாதி மியூசியம் போச்சு. கோட்டையில இருந்து கண்டி போற ரெயினில நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, ரெண்டரை மணித்தியாலம் மட்டில, ஆனா எல்லா ரெயினும் கடுகண்ணாவையில நிக்காது, ரிக்கற் எடுக்கேக்கையே நிக்குமோ எண்டு கேட்டு எடுங்கோ. போகேக்க வலப்பக்கம் இருக்கோணும், இது முக்கியம். றம்புக்கணை மட்டும் சமதரை, வயலும் தென்னையும். றம்புக்கணை விட்டவுடன எஞ்சின் சத்தம் மாறும், அதில இருந்து கடுகண்ணாவை மட்டும் ஏத்தம், 44 அடி போனால் 1 அடி ஏறுது, ரெயிலுக்கு அது பயங்கர ஏத்தம். வலப்பக்கம் பள்ளத்தாக்கு திறக்கும், தூரத்தில பைபிள் ரொக் எண்டு சொல்லுற மேசை மாதிரி மலை, மகன் குகைக்குள்ள ரெயின் போற நேரமெல்லாம் கூவிக்கொண்டு வந்தான், பெட்டியில இருந்த எல்லாப் பிள்ளையளும் சேந்து கூவிச்சினம், சிங்களப் பிள்ளையள் தமிழ்ப் பிள்ளையள் எல்லாம் ஒரே கூவல்தான். நீராவிக் காலத்தில இந்த ஏத்தத்துக்கு ஒரு எஞ்சின் காணாது, பின்னால இன்னொரு எஞ்சின் பூட்டித் தள்ளோணும், 1927இல கரட் எண்டு ஒரு பெரிய எஞ்சின் கொண்டு வந்தது அதுக்குத்தான், ஒரு கொதிகலனுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒவ்வொரு சில்லுத்தொகுதி, ஒரு எஞ்சினே ரெண்டு எஞ்சின்ர வேலை செய்யும். இத எல்லாம் பெரியப்பா ஜன்னல் கரையில இருந்து சொல்லச் சொல்ல, முன் சீற்றில இருந்த ஒரு வயசுபோன ஐயா தமிழ் விளங்காட்டிலும் “கரட்” எண்ட சொல்லுக்குத் தலையாட்டினார், பேந்து ரெண்டு பேரும் சிங்களத்தில கதைக்கத் துவங்கீட்டினம், நான் ஜன்னல் சீற்ற அந்த ஐயாவுக்கு விட்டுக் குடுத்தன்.

மியூசியம் ஸ்ரேசனோட ஒட்டினாப்போலதான், இறங்கி நடக்கிற தூரம், பொல்லோட நடக்கிற ஆளுக்கும் ஏலும். ரிக்கற் பெரிய காசில்லை. வெளியில எஞ்சினுகள், பெட்டிகள், ட்ரொலிகள், உள்ளுக்க சின்னச் சாமானுகள். பிள்ளையள் ஓடிறது வெளிய இருக்கிற எஞ்சினுக்கு, ஏறலாம் இறங்கலாம் போட்டோ எடுக்கலாம், அதுவும் நல்லதுதான். எனக்குப் பிடிச்சது நாரோ கேஜ் எஞ்சின். எங்கட பெரிய பாதையின்ர அகலம் 5 அடி 6 அங்குலம், இந்தியாவில இருக்கிறது மாதிரித்தான், நாரோ கேஜ் 2 அடி 6 அங்குலம், பாதியும் இல்லை. மகன் தண்டவாளத்துக்கு நடுவில நிண்டு ரெண்டு காலையும் அகட்டி ரெண்டு பக்கமும் தொட்டுப் பாத்தான், தொட ஏலும்! இந்தச் சின்ன ரெயின்தான் களனிப் பள்ளத்தாக்குப் பாதையில அவிசாவளை, இரத்தினபுரி தாண்டி ஓப்பநாயக்க மட்டும் ஓடினது, இன்னொண்டு நானுஓயாவில இருந்து நுவரெலியாவால ராகலைக்கு ஓடினது, அது எப்பவோ நிண்டு போச்சு. களனிப் பாதைய 90கள்ல பெரிய பாதையா மாத்தினவை. நான் சின்னனில நுகேகொடையில சித்தி வீட்ட நிக்கேக்க அந்தச் சின்ன ரெயினப் பாத்திருக்கிறன், சந்தைக்குப் பக்கத்தால விளையாட்டுச் சாமான் மாதிரி ஆடி ஆடிப் போகும், வீட்டுக்கு வந்து சொன்னால் அண்ணாக்கள் நம்பமாட்டினம், ரெயின் எண்டால் அப்பிடி இருக்காது எண்டு. முப்பத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகு அதப் பக்கத்தில நிண்டு தொட்டுப் பாத்தது எனக்கு ஒரு பெரிய விசயம், உடன அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில போட்டோ அனுப்பினன்.

ஆனா இந்த ரிவியூவ நான் எழுதிறதே உள்ளுக்க இருக்கிற ஒரு மெசினுக்காக. டப்லட் மெசின். அலுமாரி மாதிரி ஒரு உயரமான சிவப்புப் பெட்டி, முகத்தில ஒரு சின்னக் கண்ணாடி, பக்கத்தில ஒரு மணி. நூறு பேர் போனால் தொண்ணூறு பேர் திரும்பியும் பாக்காமப் போயிடுவினம், நானும் மருதானையில அப்பிடித்தான் போனனான். இந்த முறை பெரியப்பா அதுக்கு முன்னால நிண்டார், நகரேல்லை. மகன் கேட்டான் “தாத்தா, இது ஃபிரிட்ஜோ?” எண்டு. அதுக்குப் பிறகு நடந்தது முக்கால் மணித்தியாலப் பாடம்.

எனக்கு விளங்கினபடி சொல்லுறன். ஒற்றைப் பாதை, ரெண்டு ஸ்ரேசன், நடுவில ஏழு எட்டு மைல் காடு. ரெண்டு பக்கத்தாலயும் ஒரே நேரத்தில ரெயின் வந்தால் நடுவில மோதும். அத எப்பிடித் தடுக்கிறது? ரெண்டு ஸ்ரேசனிலயும் ஒவ்வொரு மெசின், ரெண்டையும் கம்பி இணைக்குது. மெசினுக்குள்ள தட்டு மாதிரி உலோக வில்லையள் அடுக்கி இருக்கும், ஒவ்வொண்டிலயும் அந்த ரெண்டு ஸ்ரேசனின்ர பேரும் வெட்டியிருக்கும். அந்த வில்லைதான் டப்லட். ஒரு ஸ்ரேசன் மாஸ்ரர் தன்ர பக்கத்தால ரெயின விடோணும் எண்டால் மணி அடிச்சு அடுத்த ஸ்ரேசனக் கேக்கோணும், அடியள எண்ணி அடிக்கிற ஒரு பாசை அது. மற்றப் பக்கத்து மாஸ்ரர் பாதை காலி எண்டு கண்டு, திருப்பி மணி அடிச்சு, தன்ர மெசினில கையை வைச்சுப் பிடிச்சால்தான் இங்க இவற்ற மெசின் திறந்து ஒரு வில்லை வெளிய வரும். தனிய ஒரு ஆளால எடுக்கவே ஏலாது. ஒண்டு வெளிய வந்திட்டுதெண்டால் ரெண்டு மெசினும் பூட்டிக்கொள்ளும், அந்த வில்லைய ரெயின் காவிக்கொண்டு போய் அடுத்த ஸ்ரேசன் மெசினுக்குள்ள போடுமட்டும் இன்னொண்டு வராது. வில்லை கையில இல்லாட்டில் ட்ரைவர் ஒரு அடி நகரக் கூடாது, போகலாம் எண்டு கைகாட்டி விழுந்தாலும் கூடாது. ஒரு தோல் பையில போட்டு, பெரிய வளையத்தில கட்டி, ஓடுற ரெயினில எஞ்சின்காரன் கையை நீட்ட அதில மாட்டிவிடுறது. நிக்காத ரெயின் எண்டால் அவன் பழைய வளையத்த எறிஞ்சுபோட்டுப் புதுசக் கொழுவிக்கொண்டு போவான், ராவில லாம்பு வெளிச்சத்தில. கை தவறி முழங்கையில அடி வாங்கின தழும்பு பெரியப்பாவுக்கு இருக்கு, நான் இவ்வளவு காலமும் அது சின்னனில விழுந்த காயம் எண்டு நினைச்சனான்.

மகன் நல்ல கேள்வி ஒண்டு கேட்டான். “பிழையான வில்லையக் குடுத்தால்?” எண்டு. அதுக்கும் பதில் இருக்கு, ஒவ்வொரு பகுதி வில்லைக்கும் வெட்டு வேற மாதிரி, பக்கத்துப் பகுதியின்ர வில்லை இந்த மெசினுக்க போகாது, திறப்பும் பூட்டும் மாதிரி. நீராவிக் காலத்தில கண்டுபிடிச்ச விசயம், கணினி இல்லை ஒண்டும் இல்லை. மலைநாட்டுப் பாதையில இண்டைக்கும் இந்த வளையம் கைமாறுறதப் பாக்கலாம், பதுளை போற ஆக்கள் அடுத்த முறை ஸ்ரேசனில தலைய நீட்டிப் பாருங்கோ.

பெரியப்பா மெசினத் தொடேல்லை. தன்ர பொல்லின்ர பிடியில விரலால தட்டிக் காட்டினார், கேக்கிற மணி இப்பிடி, விடுற மணி இப்பிடி, வந்து சேந்த மணி இப்பிடி எண்டு. விரல் நடுங்குது, ஆனா எண்ணிக்கை பிசகேல்லை. பேந்து சொன்னார், வவுனியாவுக்குத் தெற்கால ஒரு சின்ன ஸ்ரேசனில இருக்கேக்க அடுத்த ஸ்ரேசனில ஒரு சிங்கள மாஸ்ரர் ஆறு வருசம் இருந்தவராம், ரெண்டு பேரும் கண்டது ஒரே ஒரு தரம், ஆனா மணி அடிக்கிற விதத்தில மற்றவருக்குக் காய்ச்சல் எண்டு தெரியுமாம், நித்திரை தூங்கி எழும்பினதும் தெரியுமாம், கோவமும் தெரியுமாம். 83 ஆடிக் கலவரத்தில, ரெயின் ஓடாத அந்த ராவுகளில, அந்த மனிசன் மணித்தியாலத்துக்கு ஒருக்கா மணி அடிச்சவராம். விதியில இல்லாத மணி. ரெயின் இல்லை, கேக்கிறதுக்கு ஒண்டும் இல்லை, இவர் இருக்கிறாரோ எண்டு பாக்கத்தான். இவர் திருப்பி அடிப்பாராம். இது எங்கட வீட்டில ஒருத்தருக்கும் தெரியாத கதை, பெரியம்மாவுக்கும் தெரியாதாம், அந்த மெசின் முன்னால நிண்டபடியால் வந்தது. பக்கத்தில ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர ரீச்சர், தமிழ் விளங்கின ஆள் போல, அவவும் நிண்டு கேட்டுக்கொண்டிருந்தா, நான் பாக்க மற்றப் பக்கம் திரும்பீட்டா.

மற்றச் சாமானுகள கெதியாச் சொல்லுறன். ரிக்கற்றுக்குத் திகதி குத்துற மெசின், தடிச்ச மட்டை ரிக்கற் இருக்கே, அத ஒரு பக்கத்தால தள்ள டக் எண்டு திகதி விழும், அந்தச் சத்தத்தக் கேட்டாலே யாழ்ப்பாணம் போற ஞாபகம் வராத எங்கட வயசு ஆக்கள் இருக்கமாட்டினம். லாம்புகள், மணிகள், பழைய டெலிபோன். டீசல் காலத்துக் கதையும் இருக்கு. 1954இல கொழும்புத் திட்டத்தில கனடா குடுத்த எம்2 எஞ்சினுகளுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா எண்டு கனடா மாகாணங்களின்ர பேர் வைச்சவை, அதில சிலது இன்னும் ஓடுது எண்டு பெரியப்பா சொல்ல, ரொறன்ரோவில இருக்கிற தன்ர மாமாவுக்கு இத உடன சொல்லோணும் எண்டு மகன் நிண்டான். அந்தக் காலத்தில பி. டி. றம்பால எண்டொரு பொறியியலாளர், முதலாவது உள்ளூர்ப் பிரதம இயந்திரப் பொறியியலாளர், பேந்து பொது முகாமையாளர், அவற்ற காலத்திலதான் 1956இல வடக்குப் பாதையில யாழ்தேவி ரெயின் ஓடத் துவங்கினது. பெரியப்பா ரெயில்வேயில சேரோணும் எண்டு ஆசைப்பட்டதே கொடிகாமத்தில பள்ளிக்கூடப் பெடியனா நிண்டு யாழ்தேவி போறதப் பாத்துத்தானாம்.

1990இல வடக்குப் பாதை நிண்டது. தண்டவாளத்தக் கழட்டி, சிலிப்பர்க் கட்டையக் கழட்டி, பங்கர் கட்டினது எல்லாருக்கும் தெரியும். திரும்ப யாழ்ப்பாணத்துக்கு ரெயின் போனது 2014 ஒக்டோபரில, காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில. இந்த மியூசியம் திறந்தது ரெண்டுக்கும் நடுவில, அந்த டிசம்பரில. இது தற்செயல்தான், ஆனா பெரியப்பாவுக்கு அப்பிடி இல்லை. “என்ர சாமானெல்லாம் இஞ்ச வந்திட்டுது, பாதை அங்க போட்டுது” எண்டு சொன்னார், துக்கமாச் சொல்லேல்லை, கணக்குச் சரி எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னார்.

என்ர ஒரு ஆசையையும் எழுதிவிடுறன். டப்லட் மெசினுக்குப் பக்கத்தில கிழமையில ஒரு நாளாவது ஓய்வெடுத்த ஒரு ஸ்ரேசன் மாஸ்ரர் இருந்து, மூண்டு பாசையிலயும் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தால் எப்பிடி இருக்கும்! அந்தத் தலைமுறை எல்லாருக்கும் இப்ப எண்பது தாண்டீட்டுது, வெள்ளவத்தையிலயும் பாணந்துறையிலயும் கண்டியிலயும் வீட்டு விறாந்தையில இருக்கினம், கேக்க ஆள் இல்லை. உங்கட வீட்டில அப்பிடி ஒரு ஆள் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கோ, அதுதான் இந்த ரிவியூவில நான் குடுக்கிற பெரிய டிப்ஸ். ஆள் இல்லாமப் போனால் ஒரு மணித்தியாலத்தில பாத்து முடிஞ்சிடும், ஆளோட போனால் ஒரு நாள் காணாது. அது மாதிரி மருதானை டெர்மினஸ் கட்டடத்தையும் திரும்ப ரெயிலுக்குரிய ஏதோ ஒண்டுக்குத் திறந்து விட்டால் கொழும்புப் பிள்ளையளுக்கு நூறு கிலோமீட்டர் போகத் தேவையில்லை, சாமான் கடுகண்ணாவையிலயே இருக்கட்டும், கட்டடம் தன்னைத்தானே காட்டினால் காணும்.

மற்றப்படி, விடியவே போங்கோ, பின்னேரம் கடுகண்ணாவையில மழை வரும். தண்ணிப் போத்தில் கொண்டு போங்கோ. மத்தியானம் றோட்டுக் கரையில ஒரு கடையில சோறு சாப்பிட்டம், சோறு ஆறிப்போய் விலையும் கொஞ்சம் கூட, அதுக்குப் பதிலா வீட்டில இருந்து புட்டுக் கட்டிக்கொண்டு போயிருக்கலாம், ஆனா அதே றோட்டில ஒரு அம்மா வித்த பிளேன்டீயும் இஞ்சித் துண்டும் அருமை. நேரம் இருந்தால் டோசன் கோபுரத்தையும் பாக்கலாம், கொழும்பு கண்டி றோட்டப் போட்ட டோசன் கப்டனுக்கு 1832இல கட்டினது, கிட்டத்தான். பெரியப்பா அதுக்கு வரேல்லை, ஸ்ரேசனில இருக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ எண்டிட்டார். புள்ளி கேட்டால் அஞ்சுக்கு நாலரை.

நாங்கள் திரும்பி வர அவர் பிளட்போர்ம் வாங்கில, பக்கத்தில ஒரு கடலைக்காரப் பெடியனோட கதைச்சுக்கொண்டு இருந்தார். ரெயின் வர இன்னும் நேரம் இருந்தது, மழையும் தூறத் துவங்கீட்டுது, மகன் வாங்கில நித்திரை. மாஸ்ரரின்ர அறைக்குள்ள இருந்து ஒரு மணிச் சத்தம், எனக்கு அது ஒரு சத்தம் அவ்வளவுதான். பெரியப்பா கதைய நிப்பாட்டிப்போட்டு எண்ணினார், பொல்ல எடுத்தார், எழும்பி நிண்டு சேட்ட இழுத்து விட்டார்.

“பெடியனை எழுப்பு பிள்ளை, அங்கால விட்டிட்டான்.”